சிரட்டையில் பிசகாமல் அச்சிட: ரோபோ கைக்கு மேடுபள்ளம் சொல்லிக்கொடுத்தல்

முந்தைய அத்தியாயத்தில் ரோபோ கையை மேஜையில் பூட்டி, நுனியில் அச்சு ஹெட்டை மாட்டி, தட்டையான அட்டையில் பெயர் அச்சிட்டுப் பார்த்தீர்கள். எழுத்து நேராகத்தான் வந்திருக்கும். அதே நிரலை ஒரு சிரட்டையின் மேல் ஓட்டுங்கள். ஒரு பக்கம் மங்கும், மறுபக்கம் இழுபடும், நடுவில் வர வேண்டிய எழுத்து விளிம்புக்குப் போய்விடும். கையில் கோளாறு எதுவும் இல்லை. மேடு எங்கே, சரிவு எவ்வளவு, பொருள் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சிரட்டையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நாஞ்சில் நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. புவிசார் குறியீடு பெற்ற ஈத்தாமொழி நெட்டைத் தேங்காயின் சிரட்டை பெரியது, சுவர் கெட்டியானது. அச்சிட நல்ல பரப்பு கிடைக்கும். கன்னியாகுமரிக் கடைவீதியில் சங்கிலும் சிப்பியிலும் பெயர் எழுதி விற்கிறார்களே, அதில் பழகலாமே என்று நினைப்பீர்கள். முதலில் வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சில சங்கு, சிப்பி வகைகள் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். எது பட்டியலில் உள்ளது என்று தெரியாமல் மூட்டையாக வாங்கிவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். சிரட்டையில் கை வந்துவிட்டால், குப்பி, பந்து, மரப் பொம்மை என்று எதற்கும் இதே முறைதான்.

## கையில் இருக்க வேண்டியவை

ரோபோ கை எதுவாகவும் இருக்கலாம். டோபாட் மெஜிஷியன் போன்ற மேஜைக் கை ஒரே இடத்துக்குத் திரும்பிவருவதில் 0.2 மி.மீ. வரை தவறும். ஏபிபி ஐஆர்பி 120 போன்ற ஆலைக் கைக்கு அது 0.01 மி.மீ. மட்டுமே. இந்த வித்தியாசம் எங்கே உதைக்கும், எங்கே உதைக்காது என்பதைக் கீழே பார்ப்போம்.

அச்சு ஹெட்டுக்கு, தேதி முத்திரை அடிக்கும் கருவிகளில் வரும் 12.7 மி.மீ. அகலமுள்ள இங்க்ஜெட் காட்ரிட்ஜே போதும். இவற்றுடன் ஒரு வெர்னியர், ஒரு டயல் கேஜ், மாஸ்கிங் டேப், ஒரு கண்ணாடித் தகடு, 80, 120, 220 எண் உப்புத்தாள்கள், கூரான எஃகு ஊசி, ஒரு பூதக்கண்ணாடி. ஊசியையும், சிரட்டையை ஆடாமல் பிடித்து வைக்கும் ஜிக்கையும் கோணம் சிட்கோ தொழிற்பேட்டையிலோ உங்கள் ஊர் லேத் பட்டறையிலோ கடைந்து வாங்கிக்கொள்ளலாம்.

## முதலில் பாதுகாப்பு

1. புள்ளிகளைக் கற்பிக்கும்போது கையின் வேகம் வினாடிக்கு 250 மி.மீட்டரைத் தாண்டக் கூடாது. ரோபோக்களுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 10218 சொல்லும் வரம்பு இது. ஊசியை மாட்டியிருக்கும் நேரத்தில் இதில் பத்தில் ஒரு பங்கு வேகம் போதும்.
2. ரோபோ கையை ஓட்டிப் புள்ளிகளைப் பதியும் டீச் பெண்டன்ட் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே கையின் எல்லைக்குள் நிற்கலாம். "நீ ஓட்டு, நான் பார்த்துச் சொல்றேன்" என்ற பழக்கம் வேண்டாம்.
3. எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தான் இடது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை தொடங்கும் முன் தினமும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.
4. வேட்டியை மடித்துக் கட்டுங்கள், முந்தானையையும் துப்பட்டாவையும் செருகுங்கள். கயிறு, வளையல், கழுத்துச் சங்கிலி கழற்றப்பட வேண்டும்.
5. வழவழப்பான பரப்புக்கான கரைப்பான் மை எளிதில் தீப்பற்றும். அறைக்குக் காற்றோட்டம் வேண்டும். அடுப்பு, சாம்பிராணி, கிரைண்டிங் பொறி எதுவும் பக்கத்தில் ஆகாது. நைட்ரைல் கையுறை போடுங்கள்.
6. சிரட்டை தேய்க்கும்போது வரும் தூள் நுண்ணியது, நெஞ்சுக்குள் போகும். முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். தேய்க்கும் இடமும் அச்சிடும் இடமும் ஒரே அறையாக இருக்க வேண்டாம்.

## எந்தப் பிசகு கண்ணில் படும்?

எல்லாப் பிசகையும் ஒழிக்கக் கிளம்பினால் காசும் பொறுமையும் தீர்ந்துபோகும். இரண்டு வகையை மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, இடப் பிசகு. படம் மொத்தமாக 2 மி.மீ. தள்ளி விழுகிறது. சிரட்டை போன்ற ஒழுங்கற்ற பொருளில் வாங்குபவர் இதைக் கவனிக்கவே மாட்டார்.

இன்னொன்று, தையல் பிசகு. 12.7 மி.மீ. பட்டைகளாக அச்சிட்டு ஒட்டவைக்கும்போது, இரு பட்டைகள் சேரும் இடத்தில் இடைவெளியோ கறுப்புக் கோடோ விழுகிறது. கையில் வைத்துப் பார்க்கும் தூரத்தில், 0.1 மி.மீ. இடைவெளியையே கண் பிடித்துவிடும்.

ஆகவே இடத்துக்கு 1 மி.மீ., தையலுக்கு 0.1 மி.மீ. என்று இலக்கு வையுங்கள். இடப் பிசகைத் தீர்ப்பது ஜிக்கும் அளவெடுப்பும். அதற்கு விலை உயர்ந்த கை வேண்டாம். தையலைத் தீர்ப்பது கையின் தரம். 0.2 மி.மீ. கையை வைத்துக்கொண்டு தையல் தெரியாத படம் எடுக்க முடியாது. அந்தக் கைக்குத் தையலே இல்லாத வடிவமைப்பைத்தான் கொடுக்க வேண்டும்.

## பிசகு எங்கிருந்து வருகிறது? மூன்று சோதனைகள்

பலரும் செய்வது இது: படம் தள்ளி விழுந்ததும் நிரலுக்குள் போய் எண்ணைக் கூட்டிக் குறைப்பார்கள். அடுத்த சிரட்டையில் வேறு பக்கம் தள்ளும். எண்ணைத் தொடும் முன் நோயைக் கண்டுபிடியுங்கள்.

ஒரு நல்ல சிரட்டையின் மேல் மாஸ்கிங் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். 5 மி.மீ. சிலுவைக் குறி ஒன்றை அச்சிடும் நிரலை எழுதுங்கள். குறிக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று வரிசை எண்ணும் விழட்டும்.

சோதனை 1. சிரட்டையைத் தொடாமல், ஒரே குறியை ஐந்து முறை அச்சிடுங்கள். ஒவ்வொரு முறையும் கை வெகுதூரம் விலகிப்போய்த் திரும்பிவர வேண்டும். இப்போது தெரியும் சிதறல் கையும் ஹெட்டும் சேர்ந்து செய்வது.

சோதனை 2. ஒவ்வொரு அச்சுக்கும் இடையே சிரட்டையை ஜிக்கிலிருந்து கழற்றி மறுபடி மாட்டுங்கள். முதல் சோதனையைவிடக் கூடுதலாக வரும் சிதறல் ஜிக்கின் குறை.

சோதனை 3. ஐந்து வெவ்வேறு சிரட்டைகளில் ஒவ்வொரு குறி. எல்லாவற்றிலும் தேங்காய்க் கண்ணிலிருந்து குறி வரையுள்ள தூரத்தை வெர்னியரில் அளந்து எழுதுங்கள். இங்கே கூடும் சிதறல் சிரட்டைகளின் வடிவ வேறுபாடு.

மூன்றிலும் ஒன்றுக்கொன்று மிக விலகி நிற்கும் இரு குறிகளின் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எது பெரிதோ அதில் முதலில் கை வையுங்கள். புதிதாகத் தொடங்கும் பட்டறையில் பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும்தான் பெரிதாக இருக்கும். முதல் சோதனையிலேயே 0.5 மி.மீ. மேல் வந்தால் நிரலை மறந்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்: ஹெட் பிராக்கெட்டின் போல்ட் தளர்ந்திருக்கும், கேபிள் கையை இழுக்கும், அல்லது மேஜை ஆடும்.

## ஜிக்: பாதி வேலை இங்கேதான்

அறுத்த பாதிச் சிரட்டையைக் கையில் சுழற்றிப் பாருங்கள். அது வட்டம் இல்லை. கண்களிலிருந்து புறப்படும் மூன்று வரப்புகள் அதை லேசாக முக்கோணம் ஆக்கியிருக்கும். வட்டக் குழிக்குள் வைத்தால் ஆடத்தான் செய்யும். இந்த மூன்று வரப்புகளையே பிடிமானமாக ஆக்கிக்கொள்ளுங்கள்.

1. கண்ணாடித் தகட்டில் 80 எண் உப்புத்தாளை ஒட்டுங்கள். அறுத்த விளிம்பில் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு, தாளின் மேல் எட்டு வடிவத்தில் தேய்த்துக்கொண்டே வாருங்கள். பென்சில் கோடு எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் மறைந்தால் விளிம்பு சமதளம். ஒரு பக்கம் மட்டும் மறைந்தால் அந்தப் பக்கம் கை அழுத்துகிறது.
2. 10 மி.மீ. தடிமனுள்ள தட்டில் இரண்டு நிலையான ஊசிகளும் எதிரே ஸ்பிரிங் வைத்த ஒரு தள்ளுமுனையும் வரட்டும். சிரட்டையின் வெளிவிளிம்பை இந்த மூன்று முனைகள் மட்டுமே தொட வேண்டும். நான்காவது முனை வைத்தால் பிடிப்பு கூடும் என்று தோன்றும். கூடாது, எந்த மூன்றில் உட்காருவது என்று சிரட்டை மாறிமாறித் தீர்மானிக்கும்.
3. ஒரு வரப்பு விளிம்பைத் தொடும் இடத்தில் பென்சில் குறி இட்டு, தட்டிலுள்ள கோட்டுக்கு நேராக வையுங்கள். கண் உள்ள பாதியாக இருந்தால் மேலிருந்து பார்க்கவே திசை தெரிந்துவிடும்.
4. கடற்கரையை ஒட்டிய பட்டறையில் முனைகளைத் துருப்பிடிக்காத எஃகில் செய்யுங்கள். உப்புக்காற்றில் சாதா எஃகு பொருக்குக் கட்டினால் 0.2 மி.மீ. அங்கேயே போய்விடும்.

*குறிப்பு:* விளிம்பின் அடியில் ஒரு சிட்டிகைத் தூள் மாட்டினாலும் சிரட்டை சாயும். ஒவ்வொரு முறையும் தட்டைத் தூரிகையால் தட்டிவிட்டு மாட்டுங்கள்.

## நுனிப் புள்ளி: மை எங்கிருந்து புறப்படுகிறது?

கைக்குத் தெரிந்தது தன் மணிக்கட்டு மட்டும். மை விழும் நாசில் அங்கிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை நாம் சொல்ல வேண்டும். பெண்டன்ட்டில் இது டிசிபி என்று இருக்கும்.

1. ஹெட் பிராக்கெட்டில் ஊசியைப் பூட்டி, மேஜையில் இன்னொரு ஊசியை நிமிர்த்தி வையுங்கள். மணிக்கட்டு சாயும் கை என்றால், நான்கு வெவ்வேறு சாய்வுகளில் ஊசி முனைகள் ஒன்றையொன்று தொடுமாறு கையைக் கொண்டுவந்து, நான்கு புள்ளிகளைப் பதியுங்கள். சாய்வுகள் ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபட வேண்டும். ஒரே மாதிரியான நான்கு நிலைகளைக் கொடுத்தால் கணக்கு வரும், சரியான விடை வராது.
2. சரிபார்க்க, முனையை மையமாக வைத்துக் கையைச் சுழற்றுங்கள். முனை இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அரை மி.மீட்டருக்கு மேல் அலைந்தால் மறுபடி செய்யுங்கள்.
3. ஊசியைக் கழற்றிக் காட்ரிட்ஜை மாட்டுங்கள். தட்டையான அட்டையில், ஹெட்டின் பக்கங்கள் மேஜையின் அச்சுகளோடு ஒத்திருக்கும்படி, நடு நாசிலால் ஒரு சிலுவை அச்சிடுங்கள். பிறகு ஹெட்டை 180 பாகை திருப்பி, அதே புள்ளியில் இன்னொரு சிலுவை.

மூன்றாவது படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஊசியின் முனையும் நாசிலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பதை அதுதான் காட்டும். நுனிப் புள்ளி சரியாக இருந்தால் இரு சிலுவைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும். உதாரணமாக, எக்ஸ் திசையில் 3 மி.மீ. இடைவெளி இருக்கிறது. உங்கள் பிசகு அதில் பாதி, 1.5 மி.மீ. இரண்டுக்கும் நடுவிலிருந்து முதல் சிலுவை எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கமாக நுனிப் புள்ளியின் எக்ஸ் எண்ணை 1.5 நகர்த்துங்கள். ஒய் திசைக்கும் அப்படியே. மறுபடி அச்சிட்டுப் பாருங்கள். இடைவெளி இருமடங்கானால் திசையைத் தலைகீழாக எடுத்துவிட்டீர்கள்.

## ஜிக் மேஜையில் எங்கே இருக்கிறது?

ஜிக் தட்டின் மூலை ஒன்று, எக்ஸ் திசையில் ஒரு புள்ளி, ஒய் பக்கம் ஒரு புள்ளி என மூன்றை ஊசியால் தொட்டுப் பணிச் சட்டகத்தைப் பதிய வேண்டும். இதில் எல்லோரும் செய்யும் தவறு, மூன்று புள்ளிகளையும் பக்கத்துப் பக்கத்தில் எடுப்பது. 50 மி.மீ. இடைவெளியில் தொடும்போது 0.5 மி.மீ. தவறினால், 150 மி.மீ. தள்ளி அது 1.5 மி.மீ. ஆகிவிடும். சிரட்டை சிறியதாக இருந்தாலும் ஜிக் தட்டை 200 மி.மீ. சதுரமாகச் செய்துகொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

## சிரட்டையின் வடிவத்தை அளப்பது

முப்பரிமாண ஸ்கேனர் வாங்கலாமா என்று கேட்பீர்கள். முதலில் வேண்டாம். கைபேசிச் செயலி ஸ்கேன் நம் வேலைக்குக் காணாது. அதன் பிசகே மில்லிமீட்டர் கணக்கில் வரும். அதைவிடத் தரம்பிரிப்பது பலன் தரும்.

1. அக்ரிலிக் தகட்டில் 100, 104, 108, 112, 116 மி.மீ. விட்டத்தில் வளையங்கள் வெட்டுங்கள். எந்த வளையத்துக்குள் சிரட்டை நுழைகிறது, எதற்குள் நுழையவில்லை என்று பார்த்துக் கூடைகளாகப் பிரியுங்கள்.
2. ஒவ்வொரு கூடையிலிருந்தும் நடுத்தரமான ஒன்றை ஜிக்கில் வைத்து, கையின் நுனியில் டயல் கேஜைப் பூட்டி, படம் விழும் பரப்பில் 10 மி.மீ. இடைவெளியில் புள்ளிகளைத் தொட்டு உயரத்தை எழுதுங்கள். அதுவே அந்தக் கூடையின் வடிவம். நிரலும் கூடைக்கு ஒன்று.
3. அச்சிடும் முன் ஒவ்வொரு சிரட்டையிலும் ஐந்து புள்ளிகளை மட்டும் தொட்டுப் பாருங்கள்: நடு, நான்கு மூலை. ஐந்தும் மொத்தமாக உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் நிரலின் உயரத்தை மாற்றினால் போதும். ஒரு மூலை மட்டும் 1 மி.மீ. மேல் விலகினால் அந்தச் சிரட்டையை வேறு வேலைக்கு ஒதுக்குங்கள்.

ஒரு சென்சார் வாங்க வசதி இருந்தால் லேசர் தூரமானியை ஹெட்டுக்குப் பக்கத்தில் பூட்டி மூன்றாவது படியைக் கையே செய்யும்படி வைக்கலாம். ஆனால் சிரட்டையின் கரும்பழுப்பு லேசரை விழுங்கும். அடிப்பூச்சு அடித்த பிறகு அளந்தால்தான் எண் நம்பும்படி வரும்.

## இடைவெளியும் சாய்வும்

நாசிலுக்கும் சிரட்டைக்கும் நடுவே 2 மி.மீ. வையுங்கள். 50 மி.மீ. ஆரமுள்ள சிரட்டையில் 12.7 மி.மீ. அகல ஹெட் நிற்கும்போது, நடு நாசிலுக்கு 2 மி.மீ. என்றால் ஓர நாசிலுக்கு 2.4 மி.மீ. இது தாங்கும். 54 மி.மீ. அகலமுள்ள பெரிய ஆலை ஹெட்டை இதே சிரட்டையில் வைத்தால் ஓரத்தில் 9 மி.மீட்டருக்கு மேல் இடைவெளி விழும், மை தூவானமாகிவிடும். வளைந்த பொருளுக்குச் சின்ன ஹெட்தான் நல்லது.

இடைவெளியைவிடச் சாய்வுதான் ஏமாற்றும். ஹெட் பரப்புக்குச் செங்குத்தாக இல்லாமல் 10 பாகை சாய்ந்து, இடைவெளியும் 3 மி.மீ. ஆக இருந்தால், மை அரை மி.மீ. தள்ளி விழும். அடுத்த பட்டையில் சாய்வு மாறினால் தள்ளலும் மாறும். அங்கேதான் தையல் கிழிகிறது. மணிக்கட்டு சாயும் கை என்றால், ஒவ்வொரு பட்டையிலும் ஹெட் பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும்படி மணிக்கட்டின் கோணத்தைக் கொடுங்கள். விலகல் 3 பாகைக்குள் இருக்கட்டும். விளிம்பை நெருங்கும்போது ஹெட் பக்கவாட்டில் திரும்பலாம், ஆனால் மேல்நோக்கிப் போகவிடாதீர்கள், மை இறங்காது.

## தாமதம்: கணக்கில் வராத 2 மி.மீ.

"அச்சிடு" என்று கை சொல்வதற்கும் ஹெட் மையை உமிழ்வதற்கும் இடையே சிறு தாமதம் உண்டு. 20 மில்லிவினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 100 மி.மீ. வேகத்தில் அது 2 மி.மீ. மைத்துளி காற்றில் பறக்கும் நேரம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை. வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் 3 மி.மீ. தூரத்தைக் கடக்க 0.6 மில்லிவினாடி, தள்ளல் 0.06 மி.மீ.

தாமதத்தை அளப்பது எளிது.

1. ஒரே கோட்டை ஒரே திசையில், வினாடிக்கு 50 மி.மீ. வேகத்தில் ஒருமுறை, 100 மி.மீ. வேகத்தில் ஒருமுறை அச்சிடுங்கள்.
2. இரு கோடுகளின் இடைவெளியை 50 ஆல் வகுத்தால் தாமதம் வினாடியில் கிடைக்கும். 1 மி.மீ. இடைவெளி என்றால் 0.02 வினாடி.
3. ஓடும் வேகத்துக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு முன்னதாகத் தொடக்கச் சைகையைக் கொடுங்கள்.
4. பட்டைக்கு முன்னும் பின்னும் 20 மி.மீ. வெறும் ஓட்டம் விடுங்கள். கை வேகமெடுக்கும்போதோ வேகம் குறையும்போதோ அச்சிட்டால் எழுத்து நசுங்கும், நீளும்.

முடிந்தால் நேரத்தை நம்பாமல் இடத்தை நம்புங்கள். கை இத்தனை மி.மீ. நகர்ந்ததும் ஒரு துடிப்பு என்று கட்டுப்பாட்டுப் பெட்டி வெளியே சைகை தருமானால், அதை ஹெட்டின் என்கோடர் உள்ளீட்டில் கொடுங்கள். சிரட்டையைச் சுற்றிப் பெயரை வளையமாக எழுதுவதாக இருந்தால், ஹெட்டை அசையாமல் நிறுத்திச் சிரட்டையைச் சுழலும் தண்டில் மாட்டி, தண்டிலேயே என்கோடர் வைப்பது இன்னும் திடமானது. அமெரிக்காவில் புரூஸ் ஷபிரோ 1990இல் வடிவமைத்த எக்பாட், முட்டையைச் சுழலவிட்டுப் பேனாவை அசைத்து வரையும் எளிய ரோபோ. மைக்கும் ஹெட்டுக்கும் செலவழிக்கும் முன் அந்த மாதிரி ஒரு பேனாக் கருவியில் பழகுவது நல்ல முதலீடு.

## பட்டைகளைச் சேர்ப்பது: வள்ளுவர் சிலை

நம் ஊரில் எதில் அச்சிட்டாலும் முதலில் கேட்கப்படும் படம் திருவள்ளுவர் சிலை. அதையே எடுத்துக்கொள்வோம். 2000 ஜனவரி 1இல் திறக்கப்பட்ட அந்தச் சிலையின் மொத்த உயரம் 133 அடி. அதில் பீடம் 38 அடி, சிலை 95 அடி.

பீடம் நேர்கோடுகளால் ஆனது. அதன் குறுக்கே தையல் விழுந்தால், கால் மில்லிமீட்டர் உடைசலும் பளிச்சென்று தெரியும். ஆகவே பீடம் முழுவதும் ஒரே பட்டைக்குள் அடங்க வேண்டும். படத்தின் மொத்த உயரம் 50 மி.மீ. என்றால் பீடம் 14.3 மி.மீ. வரும், 12.7 மி.மீ. ஹெட்டுக்குள் அடங்காது. 44 மி.மீ. ஆக்கினால் 12.6, மயிரிழையில் அடங்கும், நம்ப முடியாது. 42 மி.மீ. வையுங்கள். பீடம் 12 மி.மீ., மேலும் கீழும் கொஞ்சம் இடம் மிஞ்சும். சிலை 30 மி.மீ., அதற்கு மூன்று பட்டை. அந்தத் தையல்களை ஆடை மடிப்பின் ஓரத்திலும் தாடியின் கீழும் வரும்படி படத்தை வெட்டுங்கள். அங்கே ஏற்கெனவே நிழல் இருப்பதால் சிறு உடைசல் தெரியாது. முகத்தின் குறுக்கே எக்காரணம் கொண்டும் தையல் கூடாது.

வளைவில் இன்னொரு சிக்கல். தட்டையான தாளில் இணையாக ஓடும் பட்டைகள், சிரட்டையின் மேல் பெருவட்டங்களாக ஓடும்போது நுனிகளில் நெருங்கிவிடும். 50 மி.மீ. ஆரத்தில் 25 மி.மீ. நீளப் பட்டை என்றால், நடுவில் சரியாகத் தொட்டுக்கொள்ளும் இரு பட்டைகள் நுனியில் 0.4 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அந்த ஏற்றத்தைப் படத்திலேயே வெட்டிவிட வேண்டும். இல்லையென்றால் நுனியில் கறுப்பு ஆப்பு விழும்.

உங்கள் கை 0.2 மி.மீ. வகை என்றால் சேர்ப்பு வேண்டாம். பட்டைகளுக்கு நடுவே 1.5 மி.மீ. வெள்ளை இடம் விட்டு, அந்த இடைவெளியே அழகாகத் தெரியும்படி வரையுங்கள். ஒற்றை வரிப் பெயர், பட்டைப் பட்டையான அலைகள், தனித்தனிப் புள்ளிக் கோலம் எல்லாம் இதற்குப் பொருந்தும்.

## அடிப்பூச்சு, மை, காற்று

சிரட்டையின் மேல் கறுப்பு மை தெரியாது. 220 எண் தாள் வரை தேய்த்து, தூள் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப்பசை நீக்கி, அச்சிடும் இடத்தில் மட்டும் வெளிர்நிறப் பூச்சை ஸ்பிரேயாக அடியுங்கள். தூரிகைப் பூச்சு திட்டுத்திட்டாக நிற்கும், அளவெடுப்பைக் கெடுக்கும். பூச்சுக்கு முன் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள்; முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் போகவில்லை.

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழை நாளில் அடித்த பூச்சின் மேல் அன்றே அச்சிடாதீர்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள் காற்றுக் காலத்தில் கதவைச் சாத்தியே அச்சிட வேண்டும். காற்றாலை இறக்கையைச் சுழற்றும் காற்றுக்கு மைத்துளி எம்மாத்திரம்? மேஜை மின்விசிறியும் அதே பிசகைச் செய்யும். மின்சாரம் ஒரு நொடி போனாலும் பாதிப் படத்தோடு கை நின்றுவிடும் என்பதால் கட்டுப்பாட்டுப் பெட்டியை யுபிஎஸ் வழியாக ஓட்டுங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

## அடிக்கடி நேரும் தவறுகள்

குளிர்ந்த கையோடு தொடங்குவது. காலையில் முதல் 20 நிமிடம் கையை வெறுமனே ஓடவிடுங்கள். மோட்டாரும் கியரும் சூடேறி நிலைப்பட்ட பிறகு சோதனைக் குறி போட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இரு திசையிலும் அச்சிடுவது. நேரம் மிச்சம் என்று போகும்போதும் வரும்போதும் அச்சிட்டால், தாமதப் பிசகு இருமடங்காகத் தெரியும். தாமதத்தைச் சரிசெய்யும்வரை ஒரே திசை.

ஒவ்வொரு சிரட்டைக்கும் எண்ணைத் திருத்துவது. போன சிரட்டை இடப்பக்கம் 1 மி.மீ. தள்ளியது என்று எண்ணை மாற்றினால், அது சிதறலாக இருந்த பட்சத்தில் அடுத்தது 2 மி.மீ. வலப்பக்கம் போகக்கூடும். பத்துச் சிரட்டைகளின் அளவை எழுதி, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டும் திருத்துங்கள்.

காட்ரிட்ஜ் மாற்றியதை மறப்பது. புதிய காட்ரிட்ஜ் தன் கூட்டில் பழையது உட்கார்ந்த அதே இடத்தில் உட்காராது. மாற்றியவுடன் தட்டை அட்டையில் 180 பாகைச் சிலுவைச் சோதனையைச் செய்து, வந்த இடைவெளியைத் தேதியோடும் காட்ரிட்ஜ் எண்ணோடும் ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டை மேஜையிலேயே கட்டித் தொங்கவிடுங்கள்.